நிரம்பாத குழி

எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, அம்மா கொடுத்த தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. உங்கட கக்கூஸ் குழி எந்தப் பக்கம்? என்ன ஆழம் இருக்கும்?"

அம்மாவின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண்பிள்ளை, சில மாதங்கள் முன் அறையில் தங்கப்போகிறது என்று பாடசாலை அதிபர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அப்படி வருகிற பிள்ளை கோயில் எங்கே என்று கேட்கலாம், கிணறு எங்கே என்று கேட்கலாம். கையில் கோப்பையை வைத்துக்கொண்டு குழியைக் கேட்டால் என்ன செய்வது? அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அம்மா வாயால் சொல்லாமல் வீட்டின் பின்கோடிப் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் நிலத்தடித் தண்ணீரைப் படிப்பவர். எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மேலே செம்மண், அதற்குக் கீழே சுண்ணக்கல். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் எந்த வழியால் ஓடி எந்தக் கிணற்றுக்கு வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. அதற்கு ஊரில் உள்ள எல்லாக் கிணறுகளும், எல்லாக் குழிகளும் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

அம்மாவும் விடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது தன் பங்குக்குத் தொடங்கினார்.

"பிள்ளைக்கு எந்த இடம்?"

"யாழ்ப்பாணத்தில வலிகாமம் அன்ரி."

"வலிகாமத்தில எவடம்?"

எங்கள் ஆட்கள் கேட்கிற இந்த இரண்டாவது கேள்வி இடத்தைக் கேட்கிற கேள்வி இல்லை. இடத்தைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்பது. கேட்பவருக்கும் அது தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாததுபோல் இருந்தது.

"கீரிமலைக்குக் கிட்ட அன்ரி. நல்ல கல்லு. நிலத்துக்கு மேலயே தெரியும்."

"கோயிலடிப் பக்கமோ?"

"கோயிலுக்கு மேற்கால ஒரு பள்ளக் கிடங்கு இருக்கு. மாரி மழைத்தண்ணி எல்லாம் அதுக்குள்ளாலதான் இறங்கும். இறங்கி எங்க போகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்று அவர் கண்கள் விரியச் சொன்னார். அம்மா சோற்றைப் பிசையத் தொடங்கினார். அவர் என்ன சாதி என்று எங்கள் வீட்டுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

வந்த முதல் கிழமையிலேயே ஊர் அவருக்குக் 'கக்கூஸ் மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டது. அப்போது நான் ஊர் முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. "நீரும் வாருமன், தனியப் போனால் சனம் கதைக்குதில்லை" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அவருக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் பெரிய சித்திரவதை. ஐயர் வீட்டுக்குப் போனாலும் அதே கேள்வி. புதிதாகக் கலியாணம் முடித்த வீட்டுக்குப் போனாலும் அதே கேள்வி. எத்தனை பேர் பாவிக்கினம், மாரிக்கு நிரம்புறதோ, சின்னப் பிள்ளையள் எங்க போகினம். ஒவ்வொரு தடவையும் "குறை நினையாதேங்கோ" என்று தொடங்கி, குறை நினைக்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்டு முடிப்பார். நான் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு வேலிப் படலையடியில் நிற்பேன்.

"உங்களுக்குக் கொஞ்சமும் வெக்கமாயில்லையோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வெக்கப்பட்டால் தண்ணியைப் படிக்கேலாது. மனுசர் சாப்பிடுறதைப் பற்றி மட்டும்தான் கதைக்கினம். தண்ணிக்கு ரெண்டும் தெரியும்" என்றார்.

கிணறுகளுக்குள் அவர் கரிப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீரில் பின்னர் அவர் கலக்கப்போகிற சாயம் வந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தாலும் கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கிணற்றுக்குள் நூலில் கரிப் பொட்டலம் தொங்கினால் ஊர் என்ன நினைக்கும்? பக்கத்து வீட்டு மாமி செய்வினை என்று முடிவு கட்டி, பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் வைத்து எரித்துவிட்டார். இவர் ஓடிப்போய், "மாமி, குறை நினையாதேங்கோ, அடுத்ததை எரிக்க முதல் எனக்குச் சொல்லுங்கோ, நான் ஒருக்கால் பார்த்திட்டுத் தாறன்" என்றார். மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அந்தக் கிணற்றுப் பொட்டலத்துக்கு மாமிதான் காவல்.

மாரி ஓய்ந்த கையோடு ஊரின் கீழ்ப்பக்கத்தில், ஒரு கச்சான் கடலைத் தோட்டத்துக்கு நடுவில் நிலம் இறங்கி வட்டமாக ஒரு குழி திறந்தது. எங்கள் ஊரில் நிலம் இறங்கினால் யாரும் வேறு காரணம் தேடமாட்டார்கள். சண்டைக் காலத்தில் வெட்டிய பழைய பங்கர் இறங்கிவிட்டது என்றார்கள். வெடியாத ஷெல் ஏதும் கிடக்கும் என்று கிட்டப் போகவும் பயந்தார்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, இவர் குப்புறப் படுத்துத் தலையைக் குழிக்குள் விட்டார். என்னைக் காலைப் பிடிக்கச் சொன்னார். அரைவாசி ஊர் வேலியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் கல்யாணம் பேசுகிற வயதுப் பெண்பிள்ளை. ஒரு பொம்பிளையின் காலைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் குந்தியிருக்கிறேன், அவரோ உள்ளேயிருந்து "சத்தம் போடாதேங்கோ, தண்ணி கேக்குது" என்கிறார்.

தலைமயிர் முழுக்கச் செம்மண்ணோடு எழும்பி வந்து சொன்னார். "இது பங்கர் இல்லை. மனுசர் வெட்டேல்லை, மழைத்தண்ணி வெட்டினது. சுண்ணக்கல்லை அது கரைக்கும். கரைச்சுக் கரைச்சுக் கீழ அறை கட்டும், ஓடை கட்டும். கூரை மெலிஞ்சால் இப்பிடி விழும்."

"அப்ப எங்கட வீட்டுக்குக் கீழயும் அறை இருக்குமோ?"

"இருக்கலாம். உங்கட அறைக்கும் கீழ்ப்பக்கத்துச் சனத்தின்ர அறைக்கும் நடுவில சுவர் இருக்கோ எண்டதுதான் என்ர கேள்வி."

இந்தக் கீழ்ப்பக்கம் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து இங்கே வந்தவர். எங்களுக்கு மாவும் பப்பாசியும் வாழையுமாகத் தோட்டம். கீழ்ப்பக்கத்தில் இருப்பவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, கலவரங்களுக்குத் தப்பி வந்தவர்கள். எங்கள் தோட்டங்களில் வேலை செய்வார்கள். அவர்களுடைய காணிகளுக்கு உறுதிப் பத்திரம் இன்னும் சரிவரவில்லை. எதற்கும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஒரு சொல் சொல்லவேண்டும். அந்தத் தலைவர் அப்பாதான். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பொதுக்கிணறு. ஒவ்வொரு மாரியிலும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும், கண் மஞ்சளாகிச் செங்கண்மாரி வரும்.

"அதுகளுக்குச் சுத்தம் பத்தாது" என்பார் அப்பா. அவர்களை 'அதுகள்' என்றுதான் சொல்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. முன்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் ஒருதரம் கை கழுவவிட்டால், கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகளை இரண்டாந்தரமும் அனுப்புவேன். அதை நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

அப்பாவுக்குப் பெருமைகள் சில உண்டு. அதில் முதலாவது எங்கள் கக்கூஸ். சண்டைக்கு முதல் கட்டியது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, ஒரு பக்கச் சுவரும் இல்லை. கக்கூஸ் மட்டும் கதவோடு நின்றது. அரசாங்க வீட்டுத்திட்டம் வரும்வரைக்கும் சுற்றவர இருந்த சனமெல்லாம் அதைத்தான் பாவித்தது. அப்போதும் குழி நிரம்பவில்லை. வெட்டிய காலத்திலிருந்து ஒருநாளும் நிரம்பியதே இல்லை. வெட்டும்போது அடியில் கல்லுக்குள் ஒரு பொந்து தெரிந்ததாம். வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களாம், மடக்கென்று குடித்துவிட்டதாம். "இனி உங்கட ஆயுசுக்கும் இது நிரம்பாது ஐயா" என்று வெட்டியவர்கள் சொன்னதை அப்பா வருகிற போகிற எல்லோருக்கும் சொல்வார். அம்மா வெட்கத்தில் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார்.

இவர் அந்தக் கதையைக் கேட்டபோது மட்டும் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பொந்து எந்தப் பக்கத்தில் இருந்தது, எவ்வளவு அகலம் என்று கேட்டார். பிறகு வழக்கம்போலக் குறை நினைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் குழிக்குள் சாயம் போட்டுப் பார்க்கலாமோ என்று கேட்டார். அவர் ஊரில் பல வீடுகளில் கேட்டு, எல்லோரும் மறுத்திருந்தார்கள். அப்பா மட்டும் மறுக்கவில்லை.

"போடுங்கோ பிள்ளை. என்ர வீட்டு ஊத்தை எங்கயும் போகாது."

இப்போது அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஆராய்ச்சி, தண்ணீர் என்று யாராவது பேச்செடுத்தால், "நான் என்ர வீட்டுக் குழியையே குடுத்தனான்" என்கிறார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கிற நானும் சொல்வதில்லை.

சாயத்தூள் செங்கல் நிறத்தில் இருந்தது. தண்ணீரில் விட்டதும் பச்சையாக மாறியது, சாதாரணப் பச்சை இல்லை, கண்ணைக் குத்துகிற பச்சை. உடம்புக்கு ஒன்றும் செய்யாதாம். சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்து, ஊரெல்லாம் போய்ச் சொல்லி, கிணறு தெளியும்வரை குடிக்கத் தண்ணீர்ப் பவுசர் வண்டிக்கும் ஒழுங்கு செய்துதான் அவர் அதைப் போட்டார். எந்தக் குழியில் போடுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கியைக் கொண்டுவந்து குழிக்குள் திறந்துவிட்டார்கள். குழி எல்லாவற்றையும் குடித்தது. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்தியளே?" என்றார்.

அடுத்தநாள் காலமை பாக்கியம் அக்கா படலையடியில் வந்து நின்றார். கீழ்ப்பக்கத்தில் இருந்து எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர். அவருடைய இளைய பையன் செங்கண்மாரி வந்து, கிளிநொச்சி ஆசுபத்திரியில் கிடந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் ஒரு சோடாப் போத்தல். அதற்குள் பச்சைத் தண்ணீர்.

"மிஸ்! நீங்க சொன்ன மாதிரியே வந்துருச்சுங்க! எங்க கெணத்துல தாங்க! புள்ளைங்கல்லாம் பார்த்துச் சிரிக்குதுங்க!" என்றார். ஆராய்ச்சிக்குத் தன்னால் ஒரு உதவி நடந்துவிட்டது என்கிற சந்தோசம் அவருக்கு.

அப்பா பேப்பரை மடித்தார். அம்மா குசினி வாசலில் நின்றார். இவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் போங்கோ அக்கா, நான் உடன வாறன்" என்றார்.

பாக்கியம் அக்காவின் தலை மறைந்ததும் அப்பா எழும்பி வந்தார். அவருடைய குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதே இல்லை.

"பிள்ளை, எந்தக் குழியெண்டு அங்க சொல்ல வேண்டாம். நான் மெல்லப் பார்த்து ஏதாவது செய்யிறன்."

"குறை நினையாதேங்கோ அங்கிள். அவையின்ர பிள்ளையள் எல்லே குடிக்கினம்."

"ஊருக்குள்ள எனக்கொரு மரியாதை இருக்கு பிள்ளை."

"ஓம் அங்கிள், இருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார். அப்பா என்னைப் பார்த்தார். கூடப்போய் எப்படியாவது மறித்துவிடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் கூடப்போனேன்.

கிணற்றைச் சுற்றி எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் உள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு சொல்லையும் மெல்லாமல் சொன்னார்.

"இந்தச் சாயத்தை நான் எங்கட வீட்டுக் கக்கூஸ் குழிக்குள்ளதான் போட்டனான். தலைவர் வீட்டுக் குழி. மண்ணெண்டால் வடிச்சு அனுப்பும். சுண்ணக்கல்லுக்கு வடிக்கத் தெரியாது, குழாய் மாதிரி அப்பிடியே கொண்டு வந்து விட்டிடும். அங்க போறதெல்லாம் இங்கதான் வருது. பிள்ளையளுக்கு நோய் வருத்தம் வாறது உங்கட சுத்தக் குறைவால இல்லை."

சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"நான் அந்த வீட்டிலதான் இருக்கிறன். இந்தத் தண்ணியில என்ரையும் இருக்கு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

இப்படி ஒரு மன்னிப்பை நான் அதற்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. எல்லோரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். என்னுடையதும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கப்பியில் கிடந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக்கியம் அக்கா நெருங்கி வந்தார். மிஸ்ஸிடம் இல்லை, என்னிடம் வந்தார். மெல்லிய குரலில், பயந்த குரலில் சொன்னார்.

"நாங்க காய்ச்சிக் குடிச்சுக்கிறோம் டீச்சர். நாங்க எதுவும் கேக்கலன்னு ஐயாகிட்ட சொல்லிருங்க. ஐயா கோவிச்சுக்கப் போறாரு."

நான் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். அப்பா மூச்சு விட்டார். "பாத்தியே, அதுகளுக்கே பிரச்சினை இல்லை. இவாவுக்குத்தான் பிரச்சினை" என்றார்.

அந்தக் குழியை மூடி, அடியும் சுவரும் சீமெந்தால் பூசிய தாங்கி ஒன்று கட்டவேண்டும் என்று இவர் அப்பாவிடம் சொன்னார். அடுத்த மாரி தொடங்க முதல் கட்டினால் கிணறு கழுவுப்பட்டுத் தெளிந்துவிடும். அப்பா "பார்ப்பம், பார்ப்பம்" என்றார். அவருக்குச் சிக்கல் சீமெந்து இல்லை. தாங்கி என்றால் நிரம்பும். நிரம்பினால் பிரதேச சபையின் பவுசர் வரவேண்டும். அது ஊர் பார்க்க எங்கள் படலையடியில் நின்று, குழாய் விட்டு உறிஞ்சவேண்டும். வெயில் ஏறி, வாழைக்கு இறைத்து, மறுபடி முகில் கட்டத் தொடங்கியும் அப்பா "பார்ப்பம்" என்றுதான் சொன்னார்.

இவர் சண்டை பிடிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் வந்த அன்றைக்கே அம்மாவிடம், "அன்ரி, குறை நினையாதேங்கோ, அந்தக் குழிக்குப் போக எனக்கு மனம் வருகுதில்லை" என்று சொல்லிவிட்டு, பாடசாலைக் கக்கூஸின் பூட்டுத் திறப்பை அதிபரிடம் வாங்கிவிட்டார். அது தாங்கி வைத்துக் கட்டியது. ஒவ்வொரு விடியலும் ஒரு நீல வாளியோடு எங்கள் படலையைத் திறந்து, பெரிய தெருவால் நடந்து, பாடசாலைக்குப் போவார். எதிரில் வருகிற எல்லோரிடமும் நின்று கதைப்பார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் எங்கே போகிறார் என்று சொல்வார்.

முதலில் பக்கத்து வீட்டு மாமி வந்து அம்மாவை விசாரித்தார். பிறகு கடையடியில் யாரோ அப்பாவை மறித்து, "என்ன தலைவர், உங்கட கக்கூஸ் உடைஞ்சு போச்சோ? வீட்டுக்கு வந்த பிள்ளை வாளியோட திரியுது" என்று கேட்டிருக்கிறார்கள். கூட நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. மாலையில் மேசனுக்கு ஆள் அனுப்பினார்.

பிள்ளைகள் மஞ்சளாகிக் கிடந்தபோது அசையாத மனுசன், ஒரு வாளிக்கு அசைந்தார். அவர் என்னுடைய அப்பா. எனக்கு நல்லது எல்லாம் செய்தவர். அதனால்தான் இதை எழுதும்போது கை கூசுகிறது.

தாங்கி கட்டவும் பழைய குழியைத் தூர்க்கவும் கீழ்ப்பக்கத்து ஆட்கள்தான் வந்தார்கள். முதல் மழைக்கு முதலே வேலை முடிந்தது. கடைசிநாள், கல்லும் களிமண்ணும் போட்டு இறுக்கி, மேலே கொங்கிறீட் மூடியையும் போட்ட பிறகு, பாக்கியம் அக்காவும் வேறு சில பெண்களும் வந்தார்கள். பாக்கியம் அக்கா இளைய பையனையும் கூட்டிவந்திருந்தார். அப்பா முற்றத்தில் நின்றார். நானும் அம்மாவும் வாசலில். இவர் வாளியோடு அப்போதுதான் படலைக்குள் வந்தார்.

பாக்கியம் அக்கா அப்பாவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினார். பையனின் தலையையும் பிடித்துக் குனிய வைத்தார்.

"ஐயா, எங்க புள்ளைங்களுக்காக இவ்வளவு பெரிய மனசு பண்ணிட்டீங்க. இந்த உதவியை நாங்க மறக்கவே மாட்டோம் ஐயா."

அப்பா மறுக்கவில்லை. தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டார். "அதுக்கென்ன. எங்கட சனத்துக்கு நாங்கள்தானே செய்யவேணும்" என்றார். அம்மா ஓம் ஓம் என்றார். நானும் சிரித்தேன்.

படலையடியில் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஊரில் ஒருவர் வாயிலும் வராத எதையும் கேட்கக்கூடிய அந்த மனுசி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.